ஞாபக டப்பாவுக்கு ஒரு பெயர் வையுங்க!

சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். பூஸ்ட் டப்பாவில் துவரம் பருப்பு இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி இருக்கும். பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசி, நூல், பட்டன். அம்மா வீட்டில் இருக்கும்வரை ஒரு பிரச்னையும் இல்லை. அவர் நான்கு நாள் ஊருக்குப் போகட்டும், அப்போது தெரியும். வெள்ளையாக இருக்கிறதே என்று அப்பா காபியில் எதை அள்ளிப் போடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

டப்பா நல்ல டப்பாதான். உள்ளே இருக்கும் பொருளும் நல்ல பொருள்தான். எதில் எது என்ற விவரம் மட்டும் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கிறது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் விஷயம் இதேதான். ஆனால் நடக்கும் இடம் சமையலறை இல்லை, மாடல் ரயில் மேசை.

ரயில் பொம்மைக்கு சாஃப்ட்வேரா?

சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றும் ரயிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாடல் ரயில் என்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. வீட்டின் நிலவறையிலோ கிளப் ஹாலிலோ ஸ்டேஷன், பாலம், மலை, சரக்கு யார்டு என்று ஒரு ஊரையே கட்டி வைத்திருப்பார்கள். அதிகம் புழங்கும் அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 20 மீட்டர் நீளமுள்ள ரயில் பெட்டி இதில் சுமார் 23 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

முன்பெல்லாம் தண்டவாளத்தில் போகும் மின்சாரத்தைக் கூட்டினால் ரயில் வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாகும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். 1990-களில் டிஜிட்டல் முறை பொதுத் தரமாக வந்தது. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு குட்டிச் சில்லு, அதற்கு ஒரு எண். 'மூன்றாம் நம்பர், நீ கிளம்பு. ஏழாம் நம்பர், நீ நில்' என்று தண்டவாளம் வழியாகவே தனித்தனியாக உத்தரவு போகும். உத்தரவு டிஜிட்டல் ஆனதும் கம்ப்யூட்டர் உள்ளே வந்துவிட்டது.

அப்படி வந்த சாஃப்ட்வேர்களில் புகழ்பெற்றது ஜே.எம்.ஆர்.ஐ. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பாப் ஜேக்கப்சன் தொடங்கியது. இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். விலை கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். கையடக்கமான ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரிலும் ஓடும்.

மெமரி என்றால் என்ன?

இந்த சாஃப்ட்வேருக்கு ரயில் மேசையில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் பெயருள்ள ஒரு பொருள். பாதை பிரியும் பாயின்ட் ஒரு பொருள். ரயில் வந்துவிட்டதா என்று பார்க்கும் சென்சார் ஒரு பொருள். சிக்னல் ஒரு பொருள். பாயின்ட் நேராக இருக்கும், இல்லையென்றால் திரும்பியிருக்கும். சென்சார் 'ஆள் இருக்கிறது' அல்லது 'ஆள் இல்லை' என்று சொல்லும். இவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஒரு ஸ்டேஷனை நடத்த அது போதுமா? இரண்டாம் பிளாட்பாரத்தில் ஏதோ ஒரு ரயில் நிற்கிறது என்று சென்சார் சொல்லிவிடும். எந்த ரயில்? சரக்கு வண்டி எத்தனை சுற்று முடித்தது? இப்போது டைம்டேபிள்படி மணி என்ன? இந்த ஷிஃப்டில் யார் டிரைவர்? இவற்றை எழுதி வைக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் 'மெமரி' என்று பெயர். அது ஒரு டப்பா. உள்ளே எண் போடலாம், எழுத்து போடலாம், ஒரு இன்ஜினின் விவரத்தையே போடலாம்.

டூல்ஸ் மெனுவில் டேபிள்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் மெமரி அட்டவணையைத் திறந்தால் டப்பாக்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் சிஸ்டம் பெயர், யூசர் பெயர், உள்ளே இருக்கும் மதிப்பு, குறிப்பு. 'ஆட்' பொத்தானை அழுத்தினால் புது டப்பா. இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். சிரமம் பெயர் வைப்பதில்தான் தொடங்குகிறது.

வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர்

நம் ஊரில் பல பேருக்கு இரண்டு பெயர் இருக்கும். சர்டிஃபிகேட்டில் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. மெமரிக்கும் அதே கதைதான்.

சிஸ்டம் பெயர், சர்டிஃபிகேட் பெயர் மாதிரி. எல்லா மெமரியின் பெயரும் 'ஐ.எம்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 'ஐ' என்றால் உள்ளுக்குள்ளேயே இருப்பது, வெளியே எந்தக் கருவியும் இல்லை என்று அர்த்தம். 'எம்' என்றால் மெமரி. ஐ.எம்.1, ஐ.எம்.2 என்று எண் கொடுக்கலாம், சொல்லும் கொடுக்கலாம். ஒருமுறை வைத்துவிட்டால் அதை மாற்ற முடியாது. 'நீயே வைத்துக்கொள்' என்று விட்டுவிட்டால் சாஃப்ட்வேரே 'ஐ.எம்:ஆட்டோ:0001' என்பதுபோல வைத்துக்கொள்ளும்.

யூசர் பெயர் நாம் கூப்பிட வைப்பது. 'சென்ட்ரல் பிளாட்பாரம் 2 ரயில்' என்று மனிதருக்குப் புரிகிற மாதிரி வைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றும்போது, 'இதை ஏற்கெனவே பயன்படுத்தும் இடங்களிலும் இந்தப் பெயரையே போட்டுவிடட்டுமா?' என்று சாஃப்ட்வேர் கேட்கும். ஒரு பொருளிடமிருந்து யூசர் பெயரை எடுத்து இன்னொரு பொருளுக்குக் கொடுக்கவும் முடியும்.

இதன் அருமை பாயின்ட் விஷயத்தில் நன்றாகப் புரியும். பாயின்ட்டின் சிஸ்டம் பெயரில் அதை இயக்கும் கருவியின் எண் இருக்கும். கருவி புகைந்து, வேறு எண்ணில் புதிதாக ஒன்று மாட்டினால், சிஸ்டம் பெயரை நம்பி எழுதிய ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். 'யார்டு நுழைவு பாயின்ட்' என்ற யூசர் பெயரை நம்பி எழுதியிருந்தால், அந்தப் பெயரைப் புதிய கருவிக்கு மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. மெமரிக்குப் பின்னால் கருவி எதுவும் கிடையாது. ஆனாலும் பழக்கம் ஒன்றுதான். எண்ணை நம்பி எழுதாதீர்கள், பெயரை நம்பி எழுதுங்கள்.

டப்பா என்னென்ன செய்யும்?

முதல் வேலை, ரயிலின் பெயரைச் சுமப்பது. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 'பிளாக்' என்பார்கள். முதல் பிளாக்கில் நிற்கும் ரயிலின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ரயில் அடுத்த பிளாக்குக்கு நகரும்போது பெயரும் கூடவே நகரும். பிளாக்கோடு ஒரு மெமரியை இணைத்து அதைத் திரையில் வைத்துவிட்டால், ரயில் போகப் போக அதன் பெயர் வரைபடத்தில் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் ரயிலை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை. சென்சாரை ரயில் கடக்கும்போதெல்லாம் மெமரியில் ஒன்று கூட்டு, பத்து ஆனதும் ஷெட்டுக்கு அனுப்பு. இதைச் செய்ய சாஃப்ட்வேருக்குள்ளேயே வசதி இருக்கிறது. பைத்தான் தெரிந்த கல்லூரிப் பிள்ளை வீட்டில் இருந்தால் நாலு வரி ஸ்கிரிப்ட்டும் எழுதித் தருவார்.

மூன்றாவது, கடிகாரம். மாடல் ரயில்காரர்கள் வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்று வைத்துக்கொள்வார்கள். ஆறு மடங்கு வேகம் என்றால் நம்முடைய நான்கு மணி நேரத்தில் அங்கே ஒரு முழு நாள் முடிந்துவிடும். அந்தக் கடிகாரத்தின் நேரம் 'ஐ.எம்.கரண்ட்டைம்' என்ற மெமரியில் தானாகவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அதை எடுத்துத் திரையில் வைத்தால் ஸ்டேஷன் கடிகாரம் தயார். பெயரைப் பார்த்தீர்களா? உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

எங்கே வழுக்கும்?

*ஒரு எழுத்து மாறினால் இன்னொரு டப்பா.* ஸ்கிரிப்ட்டில் மெமரியைக் கூப்பிட இரண்டு வழி உண்டு. ஒன்று, 'இருந்தால் கொடு' என்று கேட்பது. மற்றொன்று, 'இல்லையென்றால் புதிதாகச் செய்து கொடு' என்று கேட்பது. இரண்டாவது வசதியானது, ஆபத்தானதும் அதுவே. பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் 'தப்பு' என்று சாஃப்ட்வேர் சொல்லாது. அமைதியாக ஒரு புது காலி டப்பாவைச் செய்து கையில் கொடுத்துவிடும். எண்ணிக்கை ஒரு டப்பாவில் ஏறிக்கொண்டிருக்கும். ரயிலை நிறுத்த வேண்டிய விதி இன்னொரு டப்பாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ரயில் நிற்காது. காரணம் தேடி ஒரு சாயங்காலமே போய்விடும். யூசர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அது வேறு பெயர்தான். மாதம் ஒருமுறை அட்டவணையைத் திறந்து, பெயர் ஒன்றுபோலவே இருக்கும் இரட்டையர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

*எண் போலத் தெரியும், எண்ணாக இருக்காது.* திரையில் 9 என்று தெரிகிறது. அது கணக்குப் போடும் ஒன்பதா, வெறும் எழுத்தாக எழுதிய ஒன்பதா? பார்த்தால் தெரியாது. எழுத்தாக இருந்தால் வேடிக்கை நடக்கும். 5-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 51 வரும். அகராதி வரிசையில் பார்ப்பதால் 10 என்பது 9-ஐவிடச் சின்னதாகிவிடும். ஸ்கிரிப்ட்டில் கணக்குப் போடுவதற்கு முன் அதை எண்ணாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

*நேற்றைய ஞாபகம்.* இதுதான் முக்கியமானது. அமைப்புகளை ஃபைலில் சேமிக்கும்போது அந்த நொடியில் டப்பாவில் என்ன இருந்ததோ அதுவும் சேர்ந்து சேமிக்கப்படும். அதன் பிறகு மாறியது எதுவும், மறுபடி சேமிக்காதவரை, ஃபைலுக்குப் போகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் திறக்கும்போது, எப்போதோ சேமித்த அன்றைய நிலவரம்தான் எழுந்து வரும். இடையில் யாரோ இன்ஜினைக் கையால் தூக்கித் துடைத்து வேறு பாதையில் வைத்திருப்பார்கள். 'பிளாட்பாரம் 2 காலி' என்று மெமரி சொல்லும். அங்கே ஒரு ரயில் நின்றுகொண்டிருக்கும். அந்த மெமரியை நம்பி இன்னொரு ரயிலை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நல்ல மாடல் இன்ஜின் விலைக்கு நடுத்தர ரக மொபைலே வாங்கிவிடலாம்.

அதனால் ஒவ்வொரு மெமரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். 'இது நாளைக்கும் உண்மையாக இருக்குமா?' சுற்று எண்ணிக்கை போன்றவை ஒருநாள் விருந்தாளிகள். புரோகிராம் தொடங்கியதும் அவற்றைப் பூஜ்ஜியமாக்க ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். எந்த இன்ஜின் எங்கே என்பது போன்றவற்றை ஓட்டத் தொடங்கும் முன் கண்ணால் சரிபாருங்கள்.

*அவசரப்பட்டு நீக்காதீர்கள்.* யாரும் தொடாத மெமரி என்று நினைத்து 'டெலிட்' அழுத்துவோம். அது பயன்பாட்டில் இருந்தால், எங்கெங்கே பயன்படுகிறது என்று சாஃப்ட்வேர் பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் 'சரி' தட்டினால், பிறகு எந்த விதி ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

'ஃபூ' என்றொரு பெயர்

அர்த்தமில்லாத பெயர் வைக்கும் ஆசை புரோகிராமர்களுக்கு அதிகம். அவர்கள் உதாரணத்துக்கு அடிக்கடி எடுத்தாளும் சொல் 'ஃபூ'. இந்தச் சொல் பரவியதில் ஒரு மாடல் ரயில் கிளப்புக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946-இல் தொடங்கிய மாடல் ரயில் கிளப் அது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து ரயில்களைக் கட்டுப்படுத்தினார்கள். 'ஹேக்கர்' என்ற சொல்லுக்கு இன்றைய கம்ப்யூட்டர் வாசனை ஏறியதும் அந்தக் கூட்டத்தில்தான். அறையில் பல இடங்களில் அவசர நிறுத்தப் பொத்தான்கள் இருந்தன. ரயில் எதிலாவது மோதப்போகிறது என்றால் யார் வேண்டுமானாலும் தட்டலாம். தட்டியதும் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த டிஜிட்டல் கடிகாரம் நின்று, நேரத்துக்குப் பதில் 'ஃபூ' என்று காட்டும். அந்தப் பொத்தான்களுக்கே 'ஃபூ சுவிட்ச்' என்று பெயர் வந்துவிட்டது.

அங்கே எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அதனால் அது சிரிப்பான பெயர். அர்த்தம் தெரிந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு அந்த மாதிரிப் பெயர் வெறும் சத்தம்தான். உங்கள் அட்டவணையில் 'டெஸ்ட்', 'டெம்ப்', 'புது2' என்று எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கோர்ட் படியேறிய பெயர்கள்

ஜே.எம்.ஆர்.ஐ-யே பெயருக்காக ஒருமுறை கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. இதன் தன்னார்வலர்கள் தயாரித்த சில ஃபைல்களை ஒரு வணிக நிறுவனம் எடுத்துப் பயன்படுத்தியது. எடுப்பதில் தவறில்லை, அது இலவசம்தான். ஆனால் எழுதியவர்கள் பெயரை நீக்கக் கூடாது, எங்கிருந்து எடுத்தோம், என்ன மாற்றினோம் என்று சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைகள் பின்பற்றப்படவில்லை என்பதுதான் வழக்கு.

'ஜேக்கப்சன் எதிர் காட்ஸர்' என்ற அந்த வழக்கில் 2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவசமாகக் கொடுத்தாலும், நிபந்தனையை மீறினால் காப்புரிமைச் சட்டப்படி கேள்வி கேட்கலாம் என்றது. 2010-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உலகம் முழுக்க இலவச சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. அதன் தொடக்கம் ஒரு மாடல் ரயில் மேசை. காசு வாங்காமல் உழைத்தவர்கள் கேட்ட கூலியில் முதலிடம் பெயருக்குத்தான்.

பெயர் வைக்கும் ஐந்து விதிகள்

1. இடம், பொருள், வகை என்ற வரிசையில் வையுங்கள். 'யார்டு - லைன் 3 - ரயில் பெயர்', 'யார்டு - லைன் 3 - பெட்டி எண்ணிக்கை'. அகரவரிசையில் அடுக்கினால் ஒரே இடத்தின் டப்பாக்கள் ஒன்றாக வந்து நிற்கும்.

2. இன்று உள்ளே இருப்பதைப் பெயராக வைக்காதீர்கள். இன்று அந்தப் பாதையில் மெயில் வண்டி நிற்கிறது என்பதற்காக 'மெயில்' என்று பெயர் வைத்தால், நாளைக்குச் சரக்கு வண்டி வந்து நிற்கும்போது அது பூஸ்ட் டப்பாத் துவரம் பருப்பாகிவிடும்.

3. ஒரு டப்பாவில் எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும். படிப்பவர் எத்தனை பேரும் இருக்கலாம். இரண்டு ஸ்கிரிப்ட் ஒரே மெமரியில் எழுதினால் கடைசியில் எழுதியதுதான் நிற்கும், முதலாவது காணாமல் போகும்.

4. குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள், எண்ணா எழுத்தா, தொடக்கத்தில் என்ன இருக்க வேண்டும். ஒரு வரி போதும்.

5. மாற்றம் செய்த அன்றே ஃபைலைச் சேமித்து, தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து மேசைக்கு அடியில் ஒட்டினாலும் நல்லது.

ரயில் இல்லாமலும் பழகலாம்

'எங்கள் வீட்டில் மாடல் ரயிலே இல்லையே' என்கிறீர்களா? பரவாயில்லை. இந்த சாஃப்ட்வேரில் நிஜக் கருவி இல்லாமலே இயங்கும் சிமுலேட்டர் இணைப்புகள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஜாவாவும் ஜே.எம்.ஆர்.ஐ-யும் போட்டு, முதல் அமைப்பில் ஏதாவது ஒரு சிமுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள். மெமரி அட்டவணையில் மூன்று டப்பா செய்யுங்கள். ஒன்றைத் திரையில் வைத்து, அட்டவணையில் மதிப்பை மாற்றினால் திரையிலும் மாறுவதைப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'வேரியபிள்' என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தைவிட இது சீக்கிரம் புரியவைக்கும்.

ஏற்கெனவே ரயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாடல் ரயிலைக் கட்ட இருபது, முப்பது வருடம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டியவருக்கு வயதாகும், கண் மங்கும், ஒருநாள் அவர் இல்லாமலும் போவார். மலையும் பாலமும் அப்படியே இருக்கும். இன்ஜின்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஐ.எம்.1-இலிருந்து ஐ.எம்.140 வரை பெயரில்லாத வரிசை. எது எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. ஓடக்கூடிய ரயில் ஓடாமல் நின்றுபோக அது ஒன்றே போதும். தூசு தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தண்டவாளத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். 'நான் பக்கத்தில் இல்லாதபோது, என் பேத்தி இந்தப் பெயரை மட்டும் படித்து ரயிலை ஓட்டிவிடுவாளா?' என்று கேளுங்கள். 'மாட்டாள்' என்று தோன்றும் வரியில் கர்சரை வைத்து, பெயரை மாற்றத் தொடங்குங்கள்.